ஒரு கன மீட்டரில் நான்கு உயிர்

மார்ச் 3, செவ்வாய்

கப்பலை இன்று தூரத்திலிருந்து பார்த்தேன். பெயர் மெரிடா டான். உப்பளத்துக்குப் பின்னால் நின்றது. நடுவில் கடல் இருப்பதே தெரியவில்லை. உப்புக் குவியல்களின் மேல் ஒரு சிவப்புக் கட்டடத்தைத் தூக்கி வைத்துவிட்டு யாரோ மறந்துபோன மாதிரி இருந்தது. மணி பன்னிரண்டரை. கானலில் அதன் அடிப்பக்கம் மெல்லக் கரைந்து மறுபடி கூடியது.

வியாழக்கிழமை அதில் ஏறுகிறேன். என்ன வேலை என்று அம்மாவுக்கு மூன்று முறை சொல்லியும் விளங்கவில்லை. எழுதிப் பார்க்கிறேன். சரக்கில்லாத கப்பல் கவிழாமல் இருக்க வயிற்றில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். போகிற துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டும். நம் ஊர் நண்டுக் குஞ்சும் சிப்பிக் குஞ்சும் கிருமியும் வேறொரு ஊர்க் கடலில் இறங்கும். அங்கே அவை பெருகிவிட்டால் அந்த ஊர்க்காரன் வலையில் மீனுக்குப் பதில் அதுதான் வரும். அதனால் தண்ணீரை வடிகட்டி, புற ஊதா விளக்குக்கு முன்னால் ஓடவிட்டு, உள்ளே இருப்பதைக் கொல்ல ஓர் இயந்திரம் மாட்டுகிறார்கள். அது ஒழுங்காகக் கொல்கிறதா என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஒரு கன மீட்டர் தண்ணீரில் பத்துக்குக் கீழே உயிர் இருந்தால் பாஸ். பத்து இருந்தால் ஃபெயில்.

எங்களுக்குச் சுயாதீன ஆய்வகம் என்று பெயர். எந்த ஆய்வகம் வர வேண்டும் என்று முடிவு செய்பவன் இயந்திரத்தை விற்றவன். எங்கள் சுயாதீனம் அவ்வளவுதான்.

சிதம்பரேசன் சார், ஆய்வகத்தின் தலைவர், கூப்பிட்டார். "மெல்பா, இது நீ தனியாப் பண்ற முதல் கப்பல். பதினஞ்சாம் தேதி உன் ப்ரொபேஷன் முடியுது. நல்லபடியா முடிச்சிட்டு வா. கையோட கன்ஃபர்ம் பண்ணிருவோம்."

நல்லபடியாக என்றால் சரியாகவா, பாஸாகவா என்று கேட்டிருக்கலாம்.

மாலையில் எல்லாருக்கும் மாதிரித் தண்ணீரைக் கையாளுவது பற்றி வகுப்பு எடுத்தேன். நாற்பது படங்கள், எல்லாம் ஆங்கிலம். டிரைவர் இசக்கியண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். டிரைவர்கள் உள்ளே வந்தால் தூசி வருமாம். நாங்கள் எல்லாம் வானத்திலிருந்து இறங்கி வருகிறோம்.

மார்ச் 4, புதன்

உடம்பு வலி. வலையைத் துவைத்துக் காயப்போட்டேன். முப்பத்தைந்து மைக்ரான் கண்ணி. வெயிலுக்கு நேரே பிடித்தால் துணியில் கண்ணியே தெரியாது, வெறும் வெளிச்சம்தான் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஏறினேன். ஏணியில் நூற்றெட்டுப் படி இருக்கும். பாதியில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் எண்ணெய்ப் பச்சையாக மூச்சுவிட்டது.

இயந்திர அறையில் நாற்பத்து நான்கு டிகிரி. நேற்று இதே துறைமுகத் தண்ணீரை இழுத்து, இயந்திரத்தின் வழியே தொட்டியில் நிரப்பி வைத்திருந்தார்கள். இன்று அது வெளியே போகும் குழாயில் என் வலையை மாட்டி மூன்று கன மீட்டரை ஓடவிட்டேன். மூன்றரை மணி நேரம். கூட நின்றவர் தேர்டு இன்ஜினியர் பிஜு, கொல்லத்துக்காரர்.

"மோளே, நின் முகம் எந்தா இப்படிச் சுவந்திருக்கு? பனியா?"

"பனி இல்லை, காய்ச்சல்."

"அதுதன்னே. எங்க ஊர்ல காய்ச்சல்தான் பனி." தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வேகம் முடிச்சுத் தா. எட்டு மாசக் கான்ட்ராக்ட், பத்தாவது மாசம் ஓடுது. இந்த சர்டிஃபிகேட் வந்தா அடுத்த போர்ட்ல எறங்கிடலாம். கொச்சு ஜனிச்சு நாலு மாசம். போன்லதான் கண்டது."

போனில் குழந்தையின் வீடியோவைக் காட்டினார். அந்த வெக்கையில், பம்பின் சத்தத்தில், கண்ணாடித் திரைக்குள் ஒரு பொடிசு கொட்டாவி விட்டது. சத்தமே இல்லாத கொட்டாவி. அது என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று கன மீட்டரிலும் இருந்ததெல்லாம் வலையில் தங்கி ஒரு லிட்டர் பாட்டிலில் அடங்கியது. கீழே வந்து இசக்கியண்ணனிடம் கொடுத்துவிட்டு, சீஃப் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கத் திரும்ப மேலே போனேன். ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். வண்டிக்கு வந்தபோது துறைமுக வாசலில் கரி லாரிகள் மறித்து நின்றன. மேலும் ஒரு மணி நேரம். சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. கன்னத்தில் வைத்தேன். அப்புறம் நெற்றியில். கண்ணை மூடினால் உள்ளே எல்லாம் பச்சை. ஒரு பெரிய அமைதியான தொட்டியின் அடியில் நான் கிடப்பதாகவும், மேலே கப்பல்கள் மேகங்கள் போலப் போவதாகவும் இருந்தது. இத்தனை சுகமாக எப்போது கடைசியாக இருந்தேன் என்று தெரியவில்லை.

ஆய்வகம். ஆறு மணி நேரத்துக்குள் எண்ண வேண்டும், நேரம் இருந்தது. படிவத்தில் மாதிரியின் வெப்பநிலை 29 என்று எழுதினேன். கடல் இருபத்தொன்பதுதானே.

மைக்ரோஸ்கோப்பில் அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை. துடுப்புக்கால் பூச்சிகள் மீசையை விரித்தபடி, கப்பலடியில் ஒட்டும் கொட்டலசின் குஞ்சுகள் கவசத்தோடு, சிப்பிக் குஞ்சுகள் மணி மணியாக. எதுவும் நொறுங்கவில்லை, கலங்கவில்லை. எல்லாம் அப்படியே கிடந்தன. ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். தொட்டு அசைந்தால் உயிர், இல்லாவிட்டால் பிணம். விதி அது. தட்டு தட்டாகத் தொட்டேன். மூன்று கன மீட்டரில் பன்னிரண்டு மட்டும் அசைந்தன, அதுவும் தூக்கத்தில் புரளுவது போல.

கன மீட்டருக்கு நான்கு. பாஸ்.

சார் தோளில் தட்டினார். கையெழுத்துப் போட்டேன். எண்ணி முடித்த தண்ணீரை ஒரு பீக்கரில் ஊற்றி மேஜையில் வைத்தேன். மிச்சமிருப்பதைக் கொன்று பதப்படுத்த ஃபார்மலின் ஊற்ற மறந்துவிட்டேன், காலையில் ஊற்ற வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

காய்ச்சல் நூற்றிரண்டு. ஃபார்மலினுக்காக மட்டும் எட்டு மணிக்குப் போனேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஜன்னல் வெயில் நேராகப் பீக்கரில் விழுந்தது.

பீக்கரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. மேஜை ஆடுகிறதோ என்று மேஜையைப் பிடித்தேன். ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். வெயில் விழும் பக்கமாகப் புள்ளிகள் திரண்டு, துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தன. நூறா, ஆயிரமா, தெரியாது. கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஒரு நெரிசல். சத்தம் மட்டும் இல்லை. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. வெயில் பீக்கரைத் தாண்டி மேஜை விளிம்புக்குப் போயிருந்தது.

காய்ச்சலில் சுவரே நகரும். சின்ன வயதில் ஓடுகள் எல்லாம் மீனாகி நீந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபார்மலின் ஊற்றினேன். விதி அது. தண்ணீர் அடங்கியது.

மார்ச் 7, சனி

கப்பலுக்குச் சான்றிதழ் போய்விட்டதாம். நாள் முழுக்கத் தூங்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. பூசைக்குப் போகவில்லை. இசக்கியண்ணன் பனங்கற்கண்டு பொட்டலத்தோடு வந்தார்.

"எப்பிடி தாயி இருக்கு? கப்பல் பாஸாயிட்டாம்லா. சார்வாள் முகத்துல பல்லப் பாத்தேன் அன்னைக்கு. ரெண்டு வருசத்துல மொத தடவ."

"நல்ல பல்லா அண்ணே?"

"கட்டுன பல்லு." சிரித்தார். அப்புறம் கொஞ்சம் பெருமையாக, "ஒன் பாட்டிலு கெடாம வந்ததுக்கு நாந்தான் காரணம், தெரியும்லா? வெயிலு மண்டையப் பொளக்குது. நீ மேல போனவ வரக் காணோம். உள்ள இருக்கது கடல் சாமான், நாறிட்டுன்னா ஒனக்குல்லா கெட்ட பேரு. பக்கத்துல நின்ன மீன் வண்டிக்காரன்ட்ட ஒரு சட்டி ஐஸ் கேட்டு வாங்கி, பாட்டில சுத்திப் போட்டு, சாக்க நனைச்சு மூடுனேன். நீ வாரதுக்குள்ள உருகி வடிஞ்சிட்டு. இருவத்திரண்டு வருசம் மீன் லாரி ஓட்டுனவன். ஒரு பொட்டி கெட்டது கெடையாது."

காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனபின் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறால் கம்பெனியில் பத்து மணி நேரம் ஐஸுக்குள் கைவிட்டு உரிக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் விரலை வெந்நீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் எறால் முள் நகத்தடியில் முழுசாக ஏறியிருந்தது, அவளுக்குத் தெரியவே இல்லை. வெந்நீரில் வைத்த பிறகுதான் அலறினாள்.

"என்னட்டி அப்பிடிப் பாக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

மரத்துப்போன விரலை ஊசியால் குத்தி, அசையவில்லை, அதனால் பிணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

விடிந்ததும் கடற்கரைக்குப் போய் வலையால் ஒரு பாட்டில் எடுத்தேன். வீட்டுச் சமையலறையில் இரண்டு டம்ளர். ஒன்றைச் சுற்றி ஐஸ் வைத்தேன். லென்ஸில் பார்த்தேன். கால் மணி நேரத்தில் வேகம் குறைந்தது. அரை மணியில் ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படுத்தன. ஊசியால் தொட்டேன், அசையவில்லை. ஐஸை எடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் வைத்துக் காத்திருந்தேன். அம்மா இட்லி ஊற்றினாள். ஜன்னலில் காக்காய் கத்தியது. மீசை ஒன்று துடித்தது. அப்புறம் இன்னொன்று. எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் மாதிரி மெதுவாக, வழி விசாரித்துக்கொண்டு எழுந்தன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் கேவலம்.

பதினொன்றுக்கு சாரிடம் சொன்னேன். எண்ணிக்கை செல்லாது, மறு ஆய்வு வேண்டும்.

"ஆதாரம் எங்க? பீக்கரக் காட்டு."

"ஃபார்மலின் ஊத்திட்டேன் சார்."

"அப்போ அதுல இருக்கிறது பிணம். ரிப்போர்ட்டும் அதத்தான் சொல்லுது." குரலைத் தாழ்த்தினார். "இசக்கி ஐஸ் போட்டான், அவ்வளவுதான? டிரைவர் தவறுன்னு உள்ளுக்குள்ள ஒரு நோட் போட்டு அவன அனுப்பிரலாம். சர்டிஃபிகேட்டத் தொடாத. பதினஞ்சாம் தேதி வருது, ஞாபகம் இருக்கட்டும்."

"கப்பல் சார்?"

"புதன்கிழமை கெளம்பிரும். ஆப்பிரிக்கா பக்கம் எங்கயோ கொட்டப் போறான். ஒனக்கு என்ன?"

"அங்கயும் வலை போடுறவன் இருப்பான்ல சார்."

"பிரசங்கம் பண்ணாத மெல்பா. இது ஆய்வகம்."

மார்ச் 10, செவ்வாய்

நாள் முழுக்க நடந்தேன். துறையை விட்டு விலகி இப்போது நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் கரையிலிருந்து பார்த்தால் கையகலம். அதன் வயிற்றில் எங்கள் கடலின் குஞ்சுகள், ஜன்னலில்லாத இருட்டில், வேறு நாட்டுக்குப் போகப் போவது தெரியாமல் நீந்திக்கொண்டிருக்கும். பிஜு அடுத்த அறையில் குழந்தையைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு வேலை வேண்டும். அம்மாவின் கையை ஐஸிலிருந்து எடுக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

மூன்று மணிக்குக் கப்பலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் சர்வேயர் குல்கர்னிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மாதிரி குளிர்ந்துபோயிருந்தது. தொட்டபோதே எனக்குத் தெரியும். வெப்பநிலையை அளக்காமல் 29 என்று எழுதினேன். மறுநாள் அவை உயிரோடு நீந்தியதைப் பார்த்தேன். பார்த்தபின் ஃபார்மலின் ஊற்றினேன்.

ஐஸ் வைத்தது யார் என்ற இடத்தில், நான் என்று எழுதினேன்.

மார்ச் 11, புதன்

கப்பலை நிறுத்திவிட்டார்கள். குல்கர்னி மதிய விமானத்தில் வருகிறார் என்று அழைப்பு. இசக்கியண்ணனும் நானும் அழைத்துவரப் போனோம். வழியில் சொன்னேன்.

"உங்க பேர எழுதல அண்ணே. ஐஸ நான் போட்டேன்னு எழுதிட்டேன்."

உப்பளத்துக்கு நடுவில் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"யாரக் கேட்டு எழுதுன?"

"உங்க வேலை போயிரும்னு..."

"போனா நான் பாத்துக்கிடுதேன். நான் செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்ல எனக்கு வாயில்லன்னு நெனச்சிட்டியா?" கத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினார். "சார்வாள் என்னைய வெளிய நிப்பாட்டுதாரு. நீ காயிதத்துலயே இல்லாம ஆக்கிட்ட. ஒனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் தாயி?"

எனக்குக் கோபம் வந்தது. இவருக்காகத்தானே செய்தேன் என்று வாய்வரை வந்தது. வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அது எங்கோ போய்விட்டது.

சார் அறையில் விசாரணை நடந்தது. குல்கர்னிக்குத் தமிழ் தெரியாது. இசக்கியண்ணன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு செருப்போடு உள்ளே வந்தார். "ஐஸ் போட்டது நான். இந்தப் பிள்ள இல்ல. அவளுக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குல்கர்னி கேட்டார், நான் தமிழில் கேட்டேன். "ஐஸ் வைக்கக் கூடாதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

"கதவுக்கு வெளிய நின்னா எப்பிடிக் கேக்கும்?"

அதையும் மொழிபெயர்த்தேன். அந்த வகுப்பை எடுத்தது யார் என்று குல்கர்னி கேட்டார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நான்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும். சார் ஏசியைக் கூட்டினார்.

மார்ச் 12, வியாழன்

மறு ஆய்வு வேறு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. நானும் சாரும் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கன மீட்டருக்கு முந்நூற்று நாற்பது.

பிஜு குரல்பதிவு அனுப்பியிருந்தார். முதல் ஒரு நிமிடம் மலையாளத்தில் வசவு, எனக்குப் பாதிதான் புரிந்தது, பாதியே போதும். அப்புறம் மூச்சு வாங்கினார். "ஃபில்டர் திறந்து பார்த்தேன். கிழிசல். என் கை உள்ளே போகுது, மோளே. இத வச்சுட்டு நான் எறங்கிப் போயிருந்தா... சரி போட்டே. ஸ்பேர் வர பன்னிரண்டு நாள். அதுவரைக்கும் நான் இங்கதன்னே." பின்னணியில் பம்பு ஓடும் சத்தம். அதற்குள் ஒரு குழந்தை சிணுங்கியது. அவர் வேறொரு போனில் வீட்டோடு பேசிக்கொண்டே எனக்குப் பதிந்திருக்க வேண்டும்.

கிழிந்த வடிகட்டியை விற்றவனுக்கு ஒரு கடிதம் போகும். கப்பல் முதலாளிக்கு ஒரு கடிதம் போகும். பன்னிரண்டு நாள் கழிவது பிஜுவின் ஆயுளில்.

திரும்பப் பதிவு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, அது பொய் என்று தோன்றி அழித்தேன். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். ஆதிரா என்று பதில் வந்தது.

மார்ச் 14, சனி

கன்ஃபர்மேஷன் இல்லை. இன்றோடு நின்றுகொள்ளலாம் என்று சார் சொன்னார். நியாயம்தான் என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அளக்காமல் எண்ணை எழுதியவளை நானாக இருந்தாலும் வைத்துக்கொள்ள மாட்டேன். இசக்கியண்ணனை அவரால் அனுப்ப முடியவில்லை, குல்கர்னியின் அறிக்கையில் பெயரோடு இருக்கிறார். ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதது ஆய்வகத்தின் குறை என்றும் அதில் இருக்கிறது. உடனே உள்சுவரில் ஒரு புதுத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில்.

எறால் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், அம்மா பயந்து பயந்து சொன்னாள். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன். ஐஸில் கை வைக்கும் வேலை இல்லை, தரம் பார்க்கும் வேலை. இருந்தாலும் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மதியம் மூன்று மணி. வளாகத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. வேப்பமரத்தடியில் வெளிச்சம் காசு காசாகக் கிடந்தது, காற்றில் இடம் மாறியது. இசக்கியண்ணன் வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு மாதிரிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். புதனுக்குப் பிறகு என்னோடு பேசியிருக்கவில்லை.

நான் மார்க்கர் பேனாவோடு போய் நின்றேன். மூடியின் மேல் எழுதலாமா என்று கேட்டேன். கை காட்டினார்.

'மாதிரிகளைக் குளிரூட்டுதல் கூடாது' என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "இது என்ன, கோர்ட்டு நோட்டீசா? எனக்குப் பொறவு வாரவன் வாசிச்சா என்ன வெளங்கும்? அழி."

துணியால் அழித்தேன்.

"நான் சொல்லுதேன், நீ எழுது." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கள் இருவர் மேலும் வெளிச்சக் காசுகள் நகர்ந்தன. "உள்ள இருக்கது உசுரோட இருக்கு. ஐஸ் போடாதே."

"உசுரோடன்னே எழுதவா, உயிரோடன்னு எழுதவா?"

"நீ எப்பிடி வேணும்னாலும் எழுது. பெருசா எழுது."

பெரிதாக எழுதினேன். மூடி முழுக்க வந்தது. அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அவர் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த இடத்தில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.